வெள்ளிக் கோளின் மேகத்தில் என் டி.எல்.டி பேட்ஜ் என்ன காட்டும்?

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 17 வருஷமாக எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். இயற்பியல் பட்டம் கிடையாது, டிப்ளமோதான். ஆனால் கதிர்வீச்சோடு தினமும் புழங்குகிறவள் என்பதால் இந்தக் கணக்கை அரைகுறையாக விட மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படிக்கும் என் மகனை லாஸ்பேட்டை கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளிக் கோளின் தரையில் ஈயம் உருகும் அளவுக்குச் சூடு, ஆனால் 55 கிலோமீட்டர் உயரத்தில் நம் ஊர் வெயிலைப் போன்ற வெப்பம்தான், அங்கே பலூன் மிதக்கவிடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. திரும்பும்போது பஸ் கன்னியக்கோவில் தாண்டியதும் கேட்டான்: "அம்மா, உன் பேட்ஜைப் போட்டுக்கிட்டு அந்த பலூன்ல ஒரு வருஷம் இருந்தா அது என்ன காட்டும்?"

பேட்ஜ் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்கள் வேலையில் வாங்கும் கதிர்வீச்சை அளப்பதுதான் இந்த டி.எல்.டி பேட்ஜ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு அலுமினியத் தகடு, அதில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய மூன்று வெள்ளை வில்லைகள். உறையில் ஒரு வில்லைக்கு நேராக உலோகத் துண்டு, அடுத்ததற்கு நேராக பிளாஸ்டிக், மூன்றாவதற்கு நேராக வெறும் திறப்பு. மூன்று மாதம் மார்பில் குத்தியிருந்து அனுப்பினால், வில்லையைச் சூடாக்கி அது விடும் வெளிச்சத்தை அளந்து எனக்கு எவ்வளவு டோஸ் என்று சொல்வார்கள். எனக்கு அநேகமாக 0 என்றுதான் வரும். உடம்புக்கு ஏற்படும் பாதிப்பை வைத்து டோஸை அளக்கும் அலகு சீவர்ட். வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் எங்களுக்கு வரம்பு.

நான் போட்ட கணக்கு இதுதான். காற்று எவ்வளவு தடுக்கும் என்பதற்கு உயரம் முக்கியமில்லை, தலைக்கு மேல் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஈயமானாலும் சுவரானாலும் அப்படித்தான். அழுத்தத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் அது வந்துவிடும். கடலூரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் 1,033 கிராம். சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு கிலோ காற்று. தண்ணீராக நினைத்தால் 10 மீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் நிற்பது போல. செவ்வாயில் நாசாவின் கியூரியாசிட்டி வண்டி நிற்கும் பள்ளத்தில் 20 கிராம் சொச்சம், அதாவது ஒரு சாண் தண்ணீர். வெள்ளியில் 55 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் நம் அழுத்தத்தில் பாதி சொச்சம், ஈர்ப்பு 8.87. வகுத்தால் 605 கிராம், ஆறு மீட்டர் தண்ணீர்.

கியூரியாசிட்டியில் உள்ள ஆர்.ஏ.டி என்ற கதிர்வீச்சு அளக்கும் கருவி செவ்வாய்க்குப் போகும் பயணத்தின்போது நாளுக்கு 1.84 மில்லிசீவர்ட் அளந்தது, செவ்வாய்த் தரையில் 0.64. அப்படியானால் 20 கிராம் காற்று மூன்றில் ஒரு பங்காக்குகிறது. எக்ஸ்ரேயில் பாதியாக்கும் தடிமன் வைத்து நாங்கள் போடும் கணக்கும் இதே மாதிரிதான். 605 கிராமில் இருபது முப்பது தடவை இருக்கிறது. மூன்றால் முப்பது தடவை வகுத்தால் இரண்டு கோடி கோடியில் ஒரு பங்கு. பேட்ஜ் ஒன்றுமே காட்டாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அதே விதிப்படி 1,033 கிராமுக்கு அடியில் இருக்கும் கடலூருக்கு ஒரு துகள்கூட வரக்கூடாது. ஆனால் கடல் மட்டத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் வருஷத்துக்கு 0.3 மில்லிசீவர்ட் அளவுக்கு வருகிறது என்று எங்கள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே தவறினேன்? மகனுக்குச் சரியான எண் சொல்ல வேண்டும்.

லாஸ்பேட்டை இயற்பியல் எழுதியது:

அம்மா, வணக்கம். 31 வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். போட்ட விடையை ராத்திரி எடுத்து நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தீர்களே, அதற்கு என் பாராட்டு.

கிராம் கணக்கு சரி, வகுத்தலும் சரி. "20 கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு" என்ற விதிதான் தப்பு.

முதலில் செவ்வாயை எடுத்துக்கொள்வோம். விண்வெளியில் போகும் கலத்துக்கு எல்லாப் பக்கமும் திறந்த வெளி. தரையில் இறங்கிய வண்டிக்குக் காலடியில் ஒரு கோளே கிடக்கிறது, பாதி வானம் மறைந்துவிடுகிறது. நடுத்தெருவில் நிற்பவனுக்கும் சுவரோரம் நிற்பவனுக்கும் அடிக்கும் மழையில் வித்தியாசம் இல்லையா, அதுபோல. அதே கருவி கிரே கணக்கில், அதாவது பாதிப்பைப் பார்க்காமல் உள்ளே இறங்கிய ஆற்றலை மட்டும் அளக்கும் அலகில், காட்டியதைப் பாருங்கள்: பயணத்தில் நாளுக்கு 0.48 மில்லிகிரே, தரையில் 0.21. பாதிக்குச் சற்றுக் கீழே. அந்தப் பாதியைக் கோளே எடுத்துக்கொண்டது. உங்கள் ஒரு சாண் காற்று எடுத்தது சொற்பம்.

அடுத்ததுதான் பெரிய விஷயம். எக்ஸ்ரே ஃபோட்டான் (ஒளித்துகள்) உங்கள் ஈய ஏப்ரனில் நின்றால் நின்றதுதான், கணக்கு முடிந்தது. காஸ்மிக் புரோட்டான் அப்படி இல்லை. அது காற்றணு ஒன்றில் மோதினால் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் சூறைத்தேங்காய் விட்ட மாதிரி, நியூட்ரானும் புரோட்டானும், பையான் என்ற சீக்கிரம் சிதையும் துகளுமாகச் சிதறுகிறது. ஒவ்வொரு சில்லும் இன்னொரு அணுவில் மோதி இன்னும் சிதறுகிறது. அதனால் மேலிருந்து இறங்க இறங்க முதல் 50, 100 கிராம் வரை கதிர்வீச்சு குறையாது, கூடும். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டார், 1936-இல் அதற்கு நோபல் பரிசு. 1930-களில் ஜெர்மன் இயற்பியலாளர்கள் ரெகனரும் ஃபோட்சரும் இன்னும் மேலே கருவிகளை அனுப்பிப் பார்த்தபோது அந்த ஏற்றம் ஓர் உச்சம் தொட்டு மறுபடி இறங்குவது தெரிந்தது. நம் பூமியில் அந்த உச்சம் 18, 20 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் உங்கள் வகுத்தல் விதி வேலை செய்யும். அதுவும் இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விதமாக. நியூட்ரான் கூட்டம் ஏறத்தாழ 140 கிராமுக்கு ஒருமுறை 2.7-இல் ஒரு பங்காகக் குறையும். பையான் சிதைந்து வரும் மியூவான் என்ற துகள் இருக்கிறதே, அது காற்றை அவ்வளவாக மதிப்பதில்லை. கடலூரில் உங்களுக்கு வந்து சேரும் காஸ்மிக் டோஸில் பெரும்பங்கு அதுதான்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடிகாலை உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையேறியது ஞாபகம் இருக்கும். மையத்தில் அழுத்தம் 970 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கியிருந்தது, வழக்கத்தைவிட 40 குறைவு. தலைக்கு மேல் இரண்டு சாண் தண்ணீர் அளவுக்குக் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். மேலே சொன்ன விதியைப் போட்டால் அந்த மையத்தின் அடியில் நியூட்ரான் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். மொத்த அளவு அற்பம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கூரை பறந்த அந்த ராத்திரியில் நான் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பாரோமீட்டர் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நினைவுக்கு வந்தது.

சரி, வெள்ளிக்கு வருவோம். இரண்டு கோளையும் பொருத்த நான் சொல்லும் வழி இதுதான்: 605 கிராம் நம் பூமியில் எந்த உயரத்தில் வரும் என்று பாருங்கள். 594 ஹெக்டோபாஸ்கல், அதாவது 4.2, 4.3 கிலோமீட்டர். பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,900 மீட்டரில் இருக்கிறது. அங்கே காஸ்மிக் கதிரால் வருஷத்துக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் என்பது ஐ.நா. அறிவியல் குழு தந்த எண். கூட்டியும் பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் மியூவான் கூட்டம் மணிக்கு 0.03 மைக்ரோசீவர்ட், நியூட்ரான் 0.009. 1,033-இலிருந்து 605 போக, 428 கிராம் மேலே ஏறினால் நியூட்ரான் 21 மடங்கு ஆகும், 0.19. மற்றது நாலு மடங்கு, 0.12. இரண்டும் சேர்ந்து 0.31. வருஷத்துக்கு 8,760 மணி நேரம், ஆக 2.7 மில்லிசீவர்ட்.

காற்று கார்பன் டை ஆக்சைடு ஆயிற்றே என்று கேட்பீர்கள். கிராமுக்குக் கிராம் அது நம் காற்றைப் போலத்தான் தடுக்கிறது, அதில் பெரிய வித்தியாசம் வராது.

சிதம்பரத்துக்காரன் எழுதியது:

அக்கா, நானும் உங்கள் துறைதான். உங்கள் மகன் கேட்டது "பேட்ஜ் என்ன காட்டும்" என்று. உண்மையான டோஸ் என்ன என்பது வேறு, பேட்ஜ் காட்டுவது வேறு. நம் வில்லை டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்ஃபேட். எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் அருமையாக வேலை செய்யும். வேக நியூட்ரான் அதற்குச் சரியாகத் தெரியாது. நியூட்ரான் உள்ள இடங்களில் வேலை செய்பவர்களுக்கு சி.ஆர்-39 என்ற பிளாஸ்டிக் பேட்ஜ் தனியாகக் கொடுப்பார்கள். சார் போட்ட கணக்கில் பாதிக்கு மேல் நியூட்ரான் பங்கு. அதனால் 2.7 வாங்கினாலும் நம் பேட்ஜ் அதில் பாதியைக்கூடக் காட்டாது. அந்த பலூனுக்கு இரண்டு பேட்ஜும் வேண்டும்.

துகள்மழை எழுதியது:

அக்கா, சார், புதுச்சேரியில் ஆய்வு மாணவன் நான். இப்படிக் கணக்குகளைக் கணினியில் போடுவதுதான் என் வேலை. சார் போட்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் ஜியன்ட்4 என்ற நிரலில் கோடிக்கணக்கான புரோட்டான்களை ஒவ்வொன்றாக வளிமண்டலத்தின் உச்சியில் விட்டு, ஒவ்வொரு சில்லையும் பின்தொடர்கிறோம். முடிவில் வரும் எண்ணை நம்பலாமா என்று பார்க்க முதலில் சார் மாதிரி காகிதத்தில் ஒன்று போட்டுத்தான் வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: காந்தப்புலம். பூமியின் காந்தப்புலம் ஆற்றல் குறைந்த துகள்களைத் திருப்பிவிடுகிறது, அதுவும் தென்னிந்தியாவில்தான் மிகக் கடுமையாக. ஊட்டியில் காஸ்மிக் கதிரை அளக்கும் கிரேப்ஸ்-3 கருவிக்கூட்டம் இருக்கும் இடத்தில் நேராக இறங்கும் துகளுக்கு 17 ஜிகாவோல்ட் வாசல். அதற்குக் கீழே உள்ள புரோட்டான் உள்ளேயே வர முடியாது. துருவங்களில் அந்த வாசலே இல்லை. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, ஆகவே கோள் முழுக்க நம் துருவம் மாதிரி. லா பாஸ் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்த 2-ஐ அப்படியே எடுத்துப்போக முடியாது. சார் கூட்டிய 2.7-ஐ நான் 3 முதல் 4 என்று வைப்பேன். சூரியன் அடங்கியிருக்கும் வருஷங்களில் காஸ்மிக் கதிர் கூடும், அப்போது மேல் எண் பக்கம் போகும்.

உயரத்தை மட்டும் கவனமாகப் பிடியுங்கள். 1985 ஜூனில் சோவியத்தின் வேகா பலூன்கள் இரண்டு 54 கிலோமீட்டரில் ஆளுக்கு 46 மணி நேரம் மிதந்து தகவல் அனுப்பின. அவை நல்ல ஆழத்தில் இருந்தன. அதே பலூன் 65 கிலோமீட்டருக்கு ஏறினால் தலைக்கு மேல் 110 கிராம்தான் மிஞ்சும். சார் சொன்ன உச்சத்துக்குப் பக்கம். நம் பூமியில் அது 16 கிலோமீட்டர் உயரம், அந்தக் காலத்து கான்கார்டு விமானம் பறந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே மணிக்குச் சுமார் 10 மைக்ரோசீவர்ட். வருஷம் முழுக்க இருந்தால் 90 மில்லிசீவர்ட்டைத் தொடும். பத்து கிலோமீட்டர் ஏறியதற்கு இருபது மடங்குக்கு மேல். உங்கள் 20 மில்லிசீவர்ட் வரம்பை மூன்று மாதத்திலேயே தாண்டிவிடும்.

சூரியப் புயல் தனிக் கணக்கு. சாதாரணப் புயலின் புரோட்டான்கள் ஆறு மீட்டர் தண்ணீருக்குள் வராது. செவ்வாயின் ஒரு சாண்கூட 160 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள புரோட்டான் வரை நிறுத்திவிடுகிறது. அபூர்வமாக வரும், ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் உள்ள புயல்தான் பயம். 1956 பிப்ரவரி 23-இல் வந்தது மாதிரி. நியூட்ரான் அளவிகள் கண்டதிலேயே பெரியது அதுதான். வெள்ளி சூரியனுக்கு நம்மைவிடப் பக்கம், பூமி தூரத்தில் 0.72. இருமடிப்படி பார்த்தால் அதே புயல் அங்கே இருமடங்கு. 55-இல் தாங்கலாம். 65-இல் இருப்பவர்கள் பலூனை அவசரமாகக் கீழே இறக்க வழி வைத்திருக்க வேண்டும். கான்கார்டில்கூட அதற்காகவே ஒரு கதிர்வீச்சு அளவி வைத்திருந்தார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, தம்பிகளா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நைட் டூட்டி. கூட்டம் இல்லாத நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். 3 முதல் 4 என்பது எனக்கும் வருகிறது.

என் தப்பு எங்கே என்று இப்போது நன்றாகவே புரிகிறது. எங்கள் அறையில் ஒரு கதிர் ஒரு தடுப்பு. அந்தப் பழக்கத்தில் எதை நடுவே வைத்தாலும் குறையத்தான் செய்யும் என்று கை தானாக எழுதிவிட்டது. வைக்கும் முதல் தடுப்பு கதிரைக் கூட்டவும் கூடும் என்பது 17 வருஷத்தில் எனக்குத் தேவைப்படாத விஷயம்.

கிரே, சீவர்ட் வித்தியாசமும் அப்படித்தான். எக்ஸ்ரேக்குப் பெருக்கும் எண் 1 என்பதால் எங்களுக்கு இரண்டும் ஒரே எண்ணாகவே புழங்கும். செவ்வாயில் 0.21 மில்லிகிரே 0.64 மில்லிசீவர்ட் ஆகிறது, மூன்று மடங்கு. 2024 மே 20-இல் சூரியப் புயலின்போது அதே கருவி 8,100 மைக்ரோகிரே அளந்தது, அது 30 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று நாசா சொன்னதைப் படித்தேன். வகுத்தால் ஒரு படத்துக்கு 0.27 மில்லிகிரே. நெஞ்சுப் படத்தில் நோயாளியின் தோலில் விழும் அளவு அந்தச் சுமாரில்தான் இருக்கும். உடம்பு முழுக்கக் கணக்கிட்டால் 0.1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே, நல்ல டிஜிட்டல் கருவியில் 0.02 அளவுதான். தோல் கணக்கை வைத்து ஒப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் படிப்பவர்கள் வரிசையாக நின்று நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளும் 30 நோயாளிகளை நினைத்துக்கொள்வார்கள், செவ்வாயிலோ கதிர் உடம்பு முழுக்க ஊடுருவிப் போகிறது. "ஒரு எக்ஸ்ரே எடுத்தா ஏதாவது ஆயிடுமா சிஸ்டர்" என்று தினமும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள் நான். இப்படி ஒப்பிடும்போது எந்த அளவை எடுத்தோம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று. பேட்ஜோடு ஒரு கண்ட்ரோல் பேட்ஜும் வரும். அதை யாரும் போட மாட்டோம், எக்ஸ்ரே அறைக்குத் தூரமாக ஆபீஸ் அலமாரியில் வைத்திருப்போம். அதில் விழுந்ததை எங்கள் பேட்ஜிலிருந்து கழிப்பார்கள். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவதோடு, ஐயா சொன்ன மியூவானும் இத்தனை வருஷமாக அதில்தான் பதிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு 0 என்று வரும்போது வானத்திலிருந்து வந்தது ஏற்கெனவே கழிந்துபோயிருக்கிறது. இன்று காலை டூட்டி முடித்துக் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்குப் போகும் பலூனில் கண்ட்ரோல் பேட்ஜை எங்கே வைப்பது? எங்கே வைத்தாலும் அதே மழைதான். அதைக் கழித்தால் விடை 0 வந்துவிடும். ஆகவே கழிக்காமல் அனுப்ப வேண்டும், கூடவே சி.ஆர்-39.

மகன் அதோடு விடவில்லை. ஒரே அழுத்தத்தில் எல்லாக் கோளிலும் ஒரே தடுப்புதானா என்று கேட்டான். சேர்ந்து வகுத்தோம். பூமியின் கடல் மட்ட அழுத்தத்தையே எடுத்துக்கொண்டால் வியாழனில் தலைக்கு மேல் 410 கிராம்தான், அங்கே ஈர்ப்பு அதிகம், கொஞ்சம் காற்றே அவ்வளவு அழுத்தம் கொடுத்துவிடும். வெள்ளியில் 1,140. சனியின் நிலா டைட்டனில் 7,500. டைட்டனின் தரை வரை இறங்கினால், ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், 10,800 கிராமுக்கு மேல். நூறு மீட்டருக்கும் அதிகமான தண்ணீர். அவனுக்கு அதுதான் பிடித்துப்போனது. நோட்டில் ஊர் ஊராக எழுதிவந்தவன் டைட்டனுக்கு நேராக 0 என்று போட்டான். அதை அடித்துவிட்டு "பேட்ஜ் காட்டாத அளவு" என்று எழுதச் சொன்னேன்.